ஆகரமும் ஆசார்யனும்: வ்யாக்யானங்களில் பிறர் சொல்லை எடுத்தாளும் முறை

ஸ்ரீபாஷ்யத்தின் தொடக்கத்திலேயே எம்பெருமானார் (1017–1137) தம் நூலுக்கு மூலம் எது என்பதை அருளிச்செய்துவிடுகிறார். பகவான் போதாயனர் ப்ரஹ்மஸூத்ரங்களுக்கு விரிவாக இட்ட வ்ருத்தியைப் பூர்வாசார்யர்கள் சுருக்கினார்கள் என்றும், அவர்களுடைய மதத்தை அநுஸரித்தே ஸூத்ரங்களின் பதங்கள் இங்கு விவரிக்கப்படுகின்றன என்றும் அவ்விடத்தில் காணலாம். சிறிய வாக்யமேயாயினும், முதலில் விரிந்த வ்ருத்தி, அதன்பின் சுருக்கங்கள், அதன்பின் அவற்றை அடியொற்றிய தம் பாஷ்யம் என்கிற படிகள் ஒன்றோடொன்று கலவாதபடி அதில் பிரித்துக் காட்டப்பட்டிருக்கின்றன. வேதார்த்தஸங்க்ரஹத்திலோ போதாயனர், டங்கர், த்ரமிடர், குஹதேவர், கபர்தி, பாருசி என்று பெயர் பெயராகவே முன்னோரைப் பட்டியலிட்டருள்கிறார். கீதாபாஷ்யத்தில் மங்களச்லோகத்தாலேயே ஆளவந்தாருக்குத் தாம் பட்ட கடனைச் சொல்லிவிட்டு, இரண்டாம் அத்யாயத்திற்கு வரும்போது அவருடைய கீதார்த்தஸங்க்ரஹ ச்லோகத்தை ‘ததுக்தம்’ என்று முன்னிட்டு எடுத்தாளுகிறார். ‘அது சொல்லப்பட்டது’ என்கிற அந்த ஒரு சொல்லால், இனி வருவது தம்முடைய வாக்கன்று என்பது படிப்பவனுக்குத் தெளிவாகிறது.

இதை இங்கு நினைவூட்ட வேண்டியிருப்பதற்குக் காரணம் உண்டு. ஸம்ப்ரதாய விஷயமாக இக்காலத்தில் வெளிவரும் கட்டுரைகளிலும், பல்கலைக்கழகங்களுக்கு அளிக்கப்படும் ஆய்வேடுகளிலும், பிறர் சொல்லை எடுத்தாளுவதைப் பற்றி ஒன்றுக்கொன்று நேர்மாறான இரண்டு எண்ணங்கள் நிலவுகின்றன. மேற்கோளுக்கு இடம் காட்டுவதும் மூலநூலாசிரியருக்குக் கடன் சொல்லுவதும் மேல்நாட்டாரிடமிருந்து வந்த வழக்கம், நம் முன்னோர் அதை அறியார் என்பது ஆய்வாளர் சிலருடைய எண்ணம். ‘எல்லாம் ஆசார்யர்களுடைய சொத்து, அதில் இன்னார் சொன்னது இன்னது என்று பிரிப்பது அஹங்காரத்திற்கு இடமாகும், ஆகையால் பெயர் குறிக்க வேண்டா’ என்பது ஸம்ப்ரதாயஸ்தர் சிலருடைய எண்ணம். வ்யாக்யானங்களைத் திறந்து பத்துப் பக்கம் படித்தவர்க்கு இவ்விரண்டும் நிற்கமாட்டா என்பது விளங்கும்.

நம் முன்னோர் மறைத்தது தம் பெயரை. தமக்குச் சொன்னவர் பெயரையன்று. இந்த வேற்றுமையைக் காணாமையாலேயே மேற்சொன்ன இரண்டாவது எண்ணம் பிறக்கிறது. ஆசார்யனை வெளியிடவும் மந்த்ரத்தை முயன்று காக்கவும் வேண்டும் என்கிற சாஸ்த்ரவசனத்தை ஸ்வாமி தேசிகன் (1268–1369) ரஹஸ்யத்ரயஸாரத்தின் குருபரம்பராஸாரத்தில் எடுத்தருளினார். பெயரை விடுவது விநயத்தின் அடையாளமாயின், ஆசார்யனை வெளியிடு என்று சாஸ்த்ரம் விதிக்க வேண்டிய அவசியம் யாது?

நூலின் பெயரிலேயே மூலத்தைச் சொன்னவர்களும் உண்டு. ஸ்ரீபாஷ்யத்திற்கு விரிவுரை இட்ட ஸுதர்சநஸூரி, நடாதூர் அம்மாள் ஸந்நிதியில் தாம் கேட்டவற்றை எழுதினாராகையால் அதற்கு ‘ச்ருதப்ரகாசிகை’ என்று பெயரிட்டார். கேட்கப்பட்டதை விளங்கச் செய்வது என்று அதற்குப் பொருள். முப்பத்தாறாயிரம் க்ரந்தம் கொண்ட அவ்வளவு பெரிய நூலில், பெயர் தொடங்கும்போதே ‘இது எனதன்று, கேட்டது’ என்கிற ஒப்புதல் அமைந்திருக்கிறது. பிள்ளை லோகாசார்யருடைய ஸ்ரீவசனபூஷணத்திற்கு மணவாளமாமுனிகள் (1370–1443) இட்ட வ்யாக்யானத்தில் அந்நூற்பெயரை விளக்குமிடமும் இத்தகையதே. ரத்தினங்கள் மிகுந்த ஆபரணத்தை ரத்தினபூஷணம் என்று வழங்குவது போல, பூர்வாசார்யர்களுடைய வசனங்கள் மிகுந்திருக்கையாலே இது வசனபூஷணமாயிற்று என்று காட்டுகிறார். பொன் கட்டினவன் பெயர் பின்னே நிற்க, பதித்த மணிகளாலே நூல் பெயர் பெறுகிறது.

வ்யாக்யானங்களின் நடையில் இதற்கென்றே சில சொற்கள் நிலைபெற்றிருக்கின்றன. ‘என்கிறபடியே’, ‘என்னக்கடவதிறே’ என்று வந்தால், அதற்கு முன் நின்றது ச்ருதியாகவோ ஸ்ம்ருதியாகவோ இதிஹாஸ புராணமாகவோ ஆழ்வார் ஸ்ரீஸூக்தியாகவோ இருக்கும். ‘என்று பட்டர் அருளிச்செய்வர்’, ‘என்று ஆளவந்தார் நிர்வஹிப்பர்’ என்று வந்தால், அது ஒரு குறிப்பிட்ட ஆசார்யனுடைய நிர்வாஹம். ‘நிர்வாஹம்’ என்கிற சொல்லே ஒரு பாசுரத்திற்கு இன்னார் கொண்டு நடத்திய பொருள் என்பதைக் குறிக்க ஏற்பட்டது. இவற்றைத் தவிர்த்துவிட்டு ஈட்டை வாசிக்க முடியாது. ஒரே பாசுரத்திற்கு மூவர் நிர்வாஹம் வரும் இடங்களில் மூவர் பெயரும் தனித்தனியே நிற்கக் காணலாம். எது சிறந்தது என்று சில இடங்களில் சொல்லுவர். சில இடங்களில் சொல்லாமல் விடுவர். எவ்விடத்திலும் மற்றொருவருடைய பொருளைத் தம் பொருளாகக் காட்டுவதில்லை.

பெயரைக் காப்பது எவ்வளவு பெரிய விஷயமாகக் கருதப்பட்டது என்பதற்குத் திருவாய்மொழி இரண்டாம் பத்து மூன்றாம் திருவாய்மொழியின் மூன்றாம் பாட்டைப் பற்றிய ஐதிஹ்யம் ஒன்றே போதும். திருமாலையாண்டான் எம்பெருமானாருக்குத் திருவாய்மொழிப் பொருள் ஸாதித்து வருகையில், இப்பாட்டை ஆழ்வார் எம்பெருமானைக் குறைகூறி அருளிச்செய்ததாகப் பொருள் சொன்னார். அறிவற்ற காலத்திலே அடிமையில் ஆசையைப் பிறப்பித்துவிட்டு, மறுபடியும் இந்த ஸம்ஸாரத்திலே வைத்தாயே என்பது அவர் ஆளவந்தாரிடம் கேட்ட வழி. முன்னும் பின்னும் உள்ள பாட்டுகள் ஆழ்வாருடைய ஆநந்தத்தைச் சொல்லுகையில் நடுவே இப்பாட்டு மட்டும் வருத்தத்தைச் சொல்லுமோ என்று எண்ணிய எம்பெருமானார், சொற்களைச் சேர்க்கும் முறையை மாற்றி, உபகாரத்தை நினைந்து உகக்கும் பாட்டாகப் பொருள் கூறினார். இப்படி ஆளவந்தார் அருளிச்செய்யக் கேட்டதில்லை, இது விச்வாமித்ர ஸ்ருஷ்டி என்று சொல்லி ஆண்டான் காலக்ஷேபத்தையே நிறுத்திவிட்டார்.

இவ்விடத்தில் ஆண்டானைக் கடிந்து பேசுகிறவர்கள் உண்டு. அது தகாது. அவர் மறுத்தது பொருளின் அழகையன்று, அதன் மூலத்தை. ஆளவந்தார் திருவாக்காக ஒரு பரம்பரையில் வரவேண்டிய இடத்தில், கேளாத பொருள் ஒன்று கலந்துவிட்டால், பின்புள்ளார் எதை ஆளவந்தார் பொருள் என்று அறிவார்கள் என்பதே அவருக்கிருந்த அச்சம். திருக்கோட்டியூர் நம்பி இதைக் கேள்வியுற்று எழுந்தருளி, இந்தப் பொருளையும் ஆளவந்தார் அருளிச்செய்யத் தாம் கேட்டதுண்டு என்று சொன்னபின்பே காலக்ஷேபம் மீண்டும் நடந்தது. ஆகவே ஒரு பொருள் ஏற்கப்பட்டது, அது நன்றாயிருந்தது என்பதற்காக மட்டுமன்று. அதைக் கேட்ட மற்றொரு ஸாக்ஷி கிடைத்ததாலும் ஆம். ஆளவந்தாரை நேரே ஸேவித்துக் கேளாத எம்பெருமானாருக்கு அவர் திருவுள்ளம் எப்படித் தெரிந்தது என்கிற கேள்விக்கு, ஆளவந்தாருக்குத் தாம் ஏகலவ்யனைப் போன்ற சிஷ்யன் என்று அவர் விடை சொன்னதாகவும் வழங்கும். அவ்விடத்திலும் நேரே கேட்டதாக ஒரு வார்த்தை இல்லை என்பதை நோக்க வேண்டும்.

ஈடு நம் கைக்கு வந்த வரலாறு இன்னும் நுட்பமானது. நஞ்சீயர் திருவாய்மொழிக்குத் தாம் இட்ட ஒன்பதினாயிரப்படியை நன்றாக எழுதித் தரும்படி நம்பூர் வரதராஜரிடம் கொடுத்தருளினார். அவர் காவேரியைக் கடக்கும்போது ஓலைக்கட்டு வெள்ளத்தில் போய்விட்டது. ஒரு முறை கேட்டிருந்ததை நினைவில் கொண்டு அவர் முழுவதையும் மீண்டும் எழுதினார். தமிழில் வல்லவராகையால் சில இடங்களில் சிறப்பான பொருள்களும் சேர்ந்தன. அதைக் கண்ட நஞ்சீயர் இது என்ன என்று கேட்க, நடந்ததை ஒளியாமல் விண்ணப்பம் செய்தார். நஞ்சீயர் உகந்து அவரை ‘நம்பிள்ளை’ என்று அழைத்தார். அதுவே அவருக்குத் திருநாமமாக நிலைத்தது. ஓலை மாறியும், எழுதின கை மாறியும், சில பொருள்கள் கூடியும், அந்நூல் இன்றும் நஞ்சீயர் ஒன்பதினாயிரப்படி என்றே வழங்குகிறது. நம்பிள்ளை ஒன்பதினாயிரம் என்று ஒருவரும் சொன்னதில்லை.

அந்த நம்பிள்ளையே பின்னாளில் திருவரங்கத்தில் காலக்ஷேபம் ஸாதிக்கையில், கேட்ட சிஷ்யர்கள் எழுதினவற்றை எப்படி நடத்தினார் என்பதையும் பார்க்க வேண்டும். நடுவில் திருவீதிப்பிள்ளை பட்டர் கேட்டவற்றையெல்லாம் விரித்து மஹாபாரதத்தின் அளவாக 1,25,000 படியாக எழுதிக் கொண்டுவந்தார். அநுமதியின்றி எழுதப்பட்டதாகையாலும், அவ்வளவு விரிவு ஏற்பட்டால் ஆசார்யனை அடுத்துக் கேட்கும் முறை குன்றுமாகையாலும் நம்பிள்ளை அதை வெளியிடவொட்டாமல் அழியவிட்டார் என்று குருபரம்பரையில் வரும். பெரியவாச்சான் பிள்ளையை அவர் தாமே நியமித்து எழுதச்செய்தது இருபத்துநாலாயிரப்படி. வடக்குத் திருவீதிப்பிள்ளையோ பகலில் கேட்டதை இரவில் எழுதிவைத்தார்; அது தெரியவந்தபோது நம்பிள்ளை அதைத் தம்மிடம் வாங்கிக்கொண்டு, பின்பு ஈயுண்ணி மாதவரிடம் கொடுத்தார். அதுவே ஈடு முப்பத்தாறாயிரப்படி.

உபந்யாஸங்களைப் பதிவுசெய்து, அவற்றை எழுத்தில் வடித்து, வடித்தவர் பெயராலேயே நூலாக அச்சிடுகிற வழக்கம் பெருகியிருக்கிற இக்காலத்தில், இந்த மூன்று நிகழ்ச்சிகளும் சேர்த்துப் படிக்கத்தக்கவை. கேட்டதை எழுதுவதில் குற்றமில்லை. எழுதியவர் இல்லையேல் ஈடே இல்லை. ஆயினும் சொன்னவருடைய அநுமதியும் சொன்னவருடைய பெயரும் இன்றி அது வெளிவரலாகாது என்பது நம்பிள்ளை காட்டிய வழி. ‘பெரியோர்களிடம் கேட்டவை’ என்று முகவுரையில் பொதுவாக ஒரு வரி எழுதிவிட்டால் கடன் தீர்ந்தது என்று எண்ணுவாரும் உளர். எந்தப் பெரியோர், எந்தப் பகுதி என்று சொல்லாத நன்றி யாரையும் சென்று சேராது.

ஈட்டுச் சுவடி கைமாறிய வழியை மணவாளமாமுனிகள் உபதேசரத்தினமாலையிலே பாட்டாகவே பதிந்துவைத்தார். வடக்குத் திருவீதிப்பிள்ளை எழுதியதை நம்பிள்ளை வாங்கி ஈயுண்ணி மாதவர்க்குக் கொடுத்தது, அவர் தம் குமாரர்க்கும் அவர் நாலூர்ப்பிள்ளைக்கும் அவர் தம் குமாரர்க்கும் அளித்தது என்று அந்த வரிசை செல்லும். ஒரு சுவடியின் வம்சாவளியை ஸ்தோத்ரத்திற்குரிய பொருளாக ஆக்கிய இடம் இது. பொதுவாக உபதேசரத்தினமாலையை ஆழ்வார்களின் திருநக்ஷத்ரங்களுக்காகவே ஸேவிக்கிறவர்கள், நடுவில் உள்ள வ்யாக்யான வரலாற்றைக் கருத்தோடு வாசிப்பதில்லை. பிள்ளான் ஆறாயிரம், நஞ்சீயர் ஒன்பதினாயிரம், பெரியவாச்சான் பிள்ளை இருபத்துநாலாயிரம், வடக்குத் திருவீதிப்பிள்ளை முப்பத்தாறாயிரம், வாதிகேஸரி அழகிய மணவாளச்சீயர் பன்னீராயிரம் என்று யார் எதைச் செய்தார்கள், மற்றைப் பிரபந்தங்களுக்கு யார் உரை இட்டார்கள், எல்லாவற்றிற்கும் உரை இட்டவர் யார் என்பதெல்லாம் அதில் உண்டு. முன்னோரிடம் முறையாகக் கேட்டு அதன்வழியே பேசாமல், தம் மனத்தில் தோன்றியதைச் சொல்லி அதையே சுத்த ஸம்ப்ரதாயம் என்று வழங்குகிறவர்களைப் பற்றி அந்நூலின் முடிவில் மாமுனிகள் சொல்லுவதும் கடுமையானதே. இல்லாத மூலத்தை உண்டென்று காட்டுவதும் மூலத்தை மறைப்பதற்கு ஒப்பான குற்றம் என்பது அங்கே தெரிகிறது.

இவ்வளவும் நன்றியின் விஷயம் மட்டுமன்று. நாதமுநிகளுடைய ந்யாயதத்வம் இன்று எந்தச் சுவடிச்சாலையிலும் இல்லை. பராசரபட்டர் அருளிய தத்வரத்நாகரமும் அவ்வாறே மறைந்தது. போதாயன வ்ருத்தி மறைந்தது. த்ரமிட பாஷ்யமும் மறைந்தது. இந்நூல்களைப் பற்றி நமக்குத் தெரிந்தவை எல்லாம், பின்புள்ளார் பெயர் சொல்லி எடுத்தாண்ட வாக்யங்களால் தெரிந்தவையே. எம்பெருமானார் ‘வாக்யகாரர்’, ‘பாஷ்யகாரர்’ என்று குறித்து எடுத்திராவிட்டால் டங்கரும் த்ரமிடரும் வெறும் பெயராகவும் எஞ்சியிரார்கள். ஸ்வாமி தேசிகன் ந்யாயபரிசுத்தியிலும் ந்யாயஸித்தாஞ்ஜனத்திலும் நாதமுநிகள் வாக்கையும் பட்டர் வாக்கையும் அவரவர் நூற்பெயரோடு காட்டியருளினார். அவற்றின் பொருளை மட்டும் கொண்டு தம் நடையில் எழுதியிருந்தால் ஸித்தாந்தத்திற்கு ஒரு குறையும் வந்திராது. நாதமுநிகளின் குரல் மட்டும் நமக்குக் கிடையாமற் போயிருக்கும். பெயரின்றி எடுத்தாளுகிறவன், தன்னையறியாமல் மூலநூலின் எஞ்சிய ஓலையையும் அழித்தவனாகிறான்.

எதிராளியின் சொல்லையும் இதே கவனத்தோடு எடுத்தாண்டார்கள். ஸ்ரீபாஷ்யத்தின் ஜிஜ்ஞாஸாதிகரணத்தில் மஹாபூர்வபக்ஷம் என்று வழங்கும் பகுதியை வாசிப்பவர், அத்வைதமதம் அதனை ஏற்றவர்களே மெச்சும்படி அங்கு நிறுத்தப்பட்டிருப்பதைக் காண்பர். பிறர் மதத்தைச் சுருக்கிச் சிதைத்து மறுப்பது எளிது. அப்படி மறுக்கப்பட்டது பிறருடைய மதமாயிராது. கலை வேறுபாடுகளைப் பற்றி எழுதப்படும் துண்டு நூல்களில் எதிர்த்தரப்பாருடைய ஒரு வாக்யம் முன்பின் துண்டிக்கப்பட்டு வருவதைக் காணும்போது, பூர்வபக்ஷத்தை இப்படி நிறுத்திக்காட்டினவர் ஸந்ததியில் வந்தோம் என்கிற நினைவு இரு தரப்பிலும் குறைந்துவிட்டதோ என்று தோன்றுகிறது.

பெயரே குறிக்காமல் பிறர் சொல்லைக் கோத்த நூல்களும் நம்மிடம் உண்டே என்று கேட்கலாம். உண்டு. அழகிய மணவாளப்பெருமாள் நாயனாருடைய ஆசார்யஹ்ருதயம் பெரும்பாலும் ஆழ்வார்களுடைய சொற்களாலேயே தொடுக்கப்பட்டது; ஒரு சொல்லுக்கும் அவர் இடம் குறிக்கவில்லை. பெரியவாச்சான் பிள்ளையின் பாசுரப்படி ராமாயணமும் அத்தகையதே. ஆயினும் அவற்றை முதலில் கேட்டவர்கள் நாலாயிரத்தையும் நாவில் கொண்டவர்கள். ஒரு சொல் விழுந்தவுடன் அது எந்தத் திருமொழியில் எந்தப் பாட்டு என்பது அவர்கள் நெஞ்சில் தோன்றும். அப்படித் தோன்றுவதிலேதான் அந்நூல்களின் சுவையும் இருக்கிறது. மறைப்பதற்கு அங்கே இடமே இல்லை. அந்நிலை மாறின காலத்திலே ஆசார்யஹ்ருதயத்திற்கு உரை இட்ட மாமுனிகள், எச்சொல் எந்தப் பாசுரத்தது என்பதைக் காட்டிக்கொண்டே செல்லுகிறார். ஈட்டில் ‘என்கிறபடியே’ என்று மட்டும் நின்ற வசனங்களுக்கு ஆகரங்களைத் தேடி ப்ரமாணத்திரட்டு அருளியவரும் அவரே. கேட்பவர் அறிவு சுருங்கச் சுருங்க, இடம் காட்டும் கடமை பெருகுகிறது. ஆகவே, நாயனார் இடம் காட்டவில்லையே என்று இன்றைய கட்டுரையாளர் சொல்லுவது பொருந்தாது. நாயனாருடைய கோஷ்டி அவருக்கு வாய்க்கவில்லை.

இனி, எழுதுவோர் நடைமுறையில் தவறுமிடங்கள் சிலவற்றைச் சொல்ல வேண்டும்.

மிகுதியாகக் காணப்படுவது, வ்யாக்யானத்தின் வழியே கிடைத்த ப்ரமாணத்தை நேரே மூலத்தில் கண்டதாகக் காட்டுவது. ஈட்டில் ஒரு விஷ்ணுபுராண ச்லோகம் வருகிறது. பதிப்பாசிரியர் அடிக்குறிப்பில் அம்சம், அத்யாயம், ச்லோக எண் கொடுத்திருக்கிறார். கட்டுரையாளர் அந்த எண்ணை மட்டும் எடுத்து விஷ்ணுபுராணத்தையே ஆராய்ந்தவர் போல் எழுதிவிடுகிறார். எண்ணில் அச்சுப்பிழை இருந்தால் அதுவும் கூடவே வரும். ஒரே தவறான எண் பல கட்டுரைகளில் தொடர்ந்து வருவதற்கு இதுவே காரணம். ஆகரம் தேடுவது எளிய வேலையன்று. ஒரு பாதம் மட்டும் எடுத்தாளப்பட்ட வசனத்திற்காகப் புராணம் முழுவதையும் புரட்டியவர்கள் நம் பதிப்பாசிரியர்கள். மூலத்தைத் தாமே திறந்து பார்த்தால் மூலத்தைக் காட்டலாம், பாராவிடில் ‘ஈட்டில் எடுத்தாளப்பட்டது, இடம் இன்ன பதிப்பாசிரியர் காட்டியது’ என்று எழுதுவதே நேர்மை. இதனால் எழுதுகிறவருக்குச் சிறுமை ஒன்றும் இல்லை.

மூலத்தைத் திறந்து பார்க்கையில் மற்றொரு லாபமும் உண்டு. வ்யாக்யாதாக்கள் எடுத்த பாடத்திற்கும் இன்று அச்சிலுள்ள பாடத்திற்கும் சில இடங்களில் வேற்றுமை காணும். அவர்கள் நினைவில் பிசகினார்கள் என்று அவசரப்பட்டு, அச்சுப்பாடத்தை வைத்துத் திருத்திவிடலாகாது. அவர்கள் காலத்துச் சுவடிகளில் இருந்த பாடத்திற்கு அதுவே ஸாக்ஷியாக இருக்கக்கூடும்; அந்தப் பாடத்தைக் கொண்டே பொருளும் சொல்லப்பட்டிருக்கும். இரண்டையும் காட்டுவதே முறை.

தமிழாக்கத்தை மூலமாகக் கொள்ளுவது மற்றொரு குறை. பு. ரா. புருஷோத்தம நாயுடு அவர்களின் ஈட்டின் தமிழாக்கம் சென்னைப் பல்கலைக்கழக வெளியீடாகப் பத்துத் தொகுதிகளாக வந்து, மணிப்ரவாளத்தில் பழக்கமில்லாத பல்லாயிரவர்க்கு ஈட்டின் வாசலைத் திறந்துவைத்தது. அந்தப் பேருபகாரத்திற்குப் பலர் செய்யும் கைம்மாறு, நாயுடு அவர்களின் வாக்யத்தை மேற்கோட்குறிக்குள் இட்டு ‘நம்பிள்ளை கூறுகிறார்’ என்று எழுதுவது. அது நம்பிள்ளைக்கும் பொருந்தாது, நாயுடு அவர்களுக்கும் நியாயமாகாது. நம்பிள்ளையின் திருவாக்கு வேண்டுமாயின் ஈட்டின் மூலநடையை எடுக்க வேண்டும். தமிழாக்கத்தை எடுத்தால் ஆக்கியவர் பெயர் உடன் வரவேண்டும். புத்தூர் க்ருஷ்ணஸ்வாமி ஐயங்கார் ஸ்வாமியின் பதிப்புகளையும் காஞ்சீ அண்ணங்கராசார்ய ஸ்வாமியின் திவ்யார்த்த தீபிகையையும் கையாளுவோர்க்கும் இதுவே பொருந்தும். பாசுரத்திற்குப் பதவுரை திவ்யார்த்த தீபிகையிலிருந்து சொல் மாறாமல் எடுக்கப்பட்டிருக்க, அதன் பெயர் எங்குமே காணாத புத்தகங்கள் ஸந்நிதிவாசல் கடைகளில் எத்தனையோ உள்ளன.

‘ஈடு கூறுகிறது’ என்று எழுதுவது பிழையன்று. ஆயினும் பல இடங்களில் போதாது. பட்டர் அருளிச்செய்ததை நஞ்சீயர் கேட்டு, நஞ்சீயர் சொன்னதை நம்பிள்ளை கேட்டு, நம்பிள்ளை ஸாதித்ததை வடக்குத் திருவீதிப்பிள்ளை எழுதினார். ஒரே வாக்யத்தில் நால்வர் இருக்கிறார்கள். பட்டருடைய நிர்வாஹத்தை ‘ஈட்டின் கருத்து’ என்று எழுதினால் பட்டர் மறைவார். ‘பட்டர் எழுதினார்’ என்று எழுதினால் இல்லாத ஒரு நூலைப் பட்டர்க்கு ஏற்றியதாகும். ‘பட்டர் நிர்வாஹமாக ஈட்டில் காண்பது’ என்று எழுத ஒரு வரியும் கூடுவதில்லை. ஐதிஹ்யங்களை எழுதுகையிலும் இக்கவனம் வேண்டும். ‘பெரியோர் கூறுவர்’ என்று தொடங்கப்படும் கதை வார்த்தாமாலையில் உள்ளதா, ஆறாயிரப்படி குருபரம்பராப்ரபாவத்தில் உள்ளதா, வ்யாக்யானத்திலேயே வருகிறதா, அல்லது உபந்யாஸத்தில் மட்டும் கேட்டதா என்பதைச் சொல்லிவிட்டால், படிப்பவர் அதற்குரிய மதிப்பைத் தாமே கொடுத்துக்கொள்வார். உபந்யாஸத்தில் கேட்டதும் தள்ளத்தக்கதன்று. உபந்யஸித்தவர் பெயரோடு அது நிற்கலாம்.

பெரியாழ்வார் திருமொழியிலிருந்து வ்யாக்யானத்தை எடுத்தாளுவோர் தனியே ஒன்றைக் கவனிக்க வேண்டும். நாலாயிரம் முழுமைக்கும் உரை இட்ட பெரியவாச்சான் பிள்ளையின் வ்யாக்யானத்தில் இப்பிரபந்தத்தின் பெரும்பகுதிக்கு உரிய ஓலைகள் செல்லரித்துப் போயின. மாமுனிகள் அக்குறையைத் தீர்க்கப் புகுந்தபோது, முழுவதற்கும் புதிதாக உரை இட அவருக்கு ஆற்றல் இல்லாமலில்லை. ஆயினும் அழிந்த பகுதிக்கு மட்டுமே அருளிச்செய்து, பிள்ளையின் உரை எஞ்சி நின்ற இடம் வந்தவுடன் அந்தச் சொல்லோடு தம் எழுத்தாணியை நிறுத்திக்கொண்டார் என்பது ஸம்ப்ரதாயம். எனவே அத்திருமொழிக்கு எல்லாப் பாட்டிற்கும் ஒருவரையே உரைகாரராகக் குறிப்பது தவறு. எடுக்கும் வாக்யம் அந்த எல்லைக்கு முன்னதா பின்னதா என்பதைப் பதிப்பில் பார்த்து, முன்னதாயின் மாமுனிகள் என்றும் பின்னதாயின் பெரியவாச்சான் பிள்ளை என்றும் குறிக்க வேண்டும்.